ஒன்றெனக் கொள்க

திருநெல்வேலி நிகர்வழி நிலையத்தின் நாலாம் கூண்டு திறந்ததும் மருதப்பன் வெளியே வந்து அடுத்தடுத்து ரெண்டு தும்மல் போட்டார். வந்து சேர்கிற எல்லாரும் தும்முவார்கள். புது உடம்புக்குள் போகிற முதல் காற்று அப்படித்தான் பண்ணும். நிலையத்து வாசலில் டீ விற்கிறவர்கூடத் தும்மல் சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பை ஏற்றுவார்.

காலையில் நெல்லையில் ஏறி, சென்னையில் ஒரு வேலை, மதியம் கோவையில் ஒரு வேலை, பொழுது சாய மறுபடி நெல்லை. முன்பெல்லாம் மருதப்பன் சென்னைக்குப் போனால் போன வழியே திரும்பிவிடுவார். இந்த வாரம்தான் நிகர்வழி வாரியம் ‘முக்கோணச் சீட்டு’ என்று ஒன்றை விட்டிருந்தது. கப்பலில் பல வருஷம் ஊர் ஊராகத் திரிந்த மனுஷன், சும்மா இருப்பாரா?

இரட்டைப் பெண்கள் ரெண்டும் ஓடிவந்தன. ஒன்பதரை வயது. அல்லிக்கு இடது காதடியில் மச்சம், ஆம்பலுக்கு வலது காதடியில். அது ஒன்றுதான் வித்தியாசம். மருதப்பன் குனிந்து இடது மச்சக்காரியைத் தூக்கிக்கொண்டார்.

“ஏட்டி ஆம்பல், எதுக்கு இந்த ஓட்டம் ஓடுத? மூச்சு வாங்குது பாரு. நெஞ்சுல ஓட்டையோட பொறந்த பிள்ள இப்படி ஓடலாமா?”

“அப்பா, நான் அல்லி!” என்று அவள் அவர் தோளில் அடித்தாள்.

“நான்தாம்ப்பா ஆம்பல்,” என்றாள் கீழே நின்றவள். “என் ஓட்டைதான் எப்பவோ அடைஞ்சு போச்சே!”

ரெண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. மருதப்பன் சிரிக்கவில்லை. ரெண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்பாகிட்டயே விளையாட்டா?” என்று சொல்லி, தூக்கினவளை இறக்காமலேயே நடந்தார்.

பின்னால் நின்ற அவர் மனைவி அங்கயற்கண்ணி, பிள்ளைகளின் காதடி மச்சத்தைத் திரும்பவும் பார்த்துக்கொண்டாள். வேறொருத்தியாக இருந்தால் மனுஷனுக்கு அசதி என்று விட்டிருப்பாள். அவளால் முடியாது. நிகர்வழி ஓடுவதே அவள் எழுதிக் கொடுத்த கணக்கில்தான்.

நிகர்வழி என்ன செய்கிறது என்று இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். இங்கே கூண்டில் நிற்கிற ஆளின் உடம்பையும் நினைவையும் படித்தெடுத்து, அங்கே இன்னொரு கூண்டில் அப்படியே வார்த்து எழுப்பும். பிறகு இங்கிருப்பதைக் கலைத்துவிடும். ஆரம்பத்தில் ஊரே பயந்தது. அங்கே எழுந்து தும்முகிறவன் இங்கே நின்றவன்தான் என்று யார் சொல்வது? அவன் கையெழுத்து செல்லுமா? அவன் பெண்டாட்டி அவனுக்குப் பெண்டாட்டிதானா? நீதிமன்றம் வரைக்கும் போனது வழக்கு. அதைத் தீர்த்தது நெல்லை அரசுக் கல்லூரிப் பேராசிரியை அங்கயற்கண்ணியின் நிகர்த் தேற்றம். ஒரு ஆளை அணு அணுவாக ஒப்பிட வேண்டாம். அவன் நினைவுகள் ஒன்றோடொன்று எப்படிக் கோத்திருக்கின்றன என்று பார்த்தால் போதும். கோர்வை அத்தனையும் பொருந்தினால் ஆள் ஒன்றே என்று அவள் நிறுவியிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் மருதப்பன் விடவில்லை. முற்றத்தில் அல்லி ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்ததும் பாய்ந்துபோய்ப் பிடுங்கினார்.

“என்னங்க இது? அவ அல்லி. இடது மச்சம்,” என்றாள் அங்கயற்கண்ணி.

“இடது மச்சம்னா ஆம்பல். எனக்குத் தெரியாதா?”

“நேத்து வரைக்கும் ஒழுங்காத்தானே கூப்பிட்டிய?”

அவர் யோசித்தார். பாவம், உண்மையாகவே யோசித்தார். “நேத்தும் இப்படித்தான் கூப்பிட்டேன்னு நெனவு. கண்ணி, என்னமோ பண்ணுது. இவள பாத்தா ஆம்பல்னுதான் வருது. பொய் சொல்லச் சொல்லுதியா?”

அல்லி சுவரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினாள். அவள் எப்போதுமே அப்படித்தான். நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். விளையாட்டு வாத்தியார் மூன்று தடவை கடிதாசி அனுப்பிவிட்டார். ‘சோம்பேறிக் கழுதை’ என்று அங்கயற்கண்ணி அவளைத் திட்டாத நாள் கிடையாது. ஓட்டையோடு பிறந்த ஆம்பல் மான்குட்டியாகத் துள்ளுகிறாள், உனக்கு என்னடி கேடு என்பாள்.

அன்றைக்குத் திட்ட வாய் வரவில்லை. தன் தேற்றத்தின் நாற்பத்தோராம் பக்கம் நினைவுக்கு வந்தது.

அங்கயற்கண்ணி படித்த கணிதத்துக்கு உயர்வகையியல் என்று பெயர். கல்யாண வீட்டில் யாராவது, “அதுல என்னம்மா பிரயோஜனம்?” என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இது ஒன்றும் அது ஒன்றும் ஒன்றுதான் என்று எல்லாரும் நிறுத்திக்கொள்கிற இடத்தில் அவள் ஆட்கள் ஆரம்பிப்பார்கள். எந்த வழியில் ஒன்று? ரெண்டு வழி இருந்தால், அந்த வழிகள் தங்களுக்குள் ஒன்றா? ஒன்று என்றால், அது எந்த வழியில்? இப்படி மாடிக்கு மேல் மாடியாகப் போய்க்கொண்டே இருக்கும். வேலை வெட்டி இல்லாதவர்களின் கேள்வி என்று அவள் மாமியாரே சொன்னதுண்டு.

தேற்றம் எழுதியபோது நெல்லை–சென்னை, சென்னை–கோவை, கோவை–நெல்லை என்று மூன்று பொருத்தங்களையும் தனித்தனியாக நிறுவிவிட்டாள். மூன்றையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றினால் ஆள் புறப்பட்டபடியே வந்து சேர்வானா என்பது மட்டும் பாக்கி. அதை எழுத இன்னும் தொள்ளாயிரம் பக்கம், ரெண்டு வருஷம் வேண்டும். திறப்பு விழாவுக்கோ தேதி குறித்தாயிற்று. நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரே வரி எழுதினாள்: ‘இம்மூன்று பொருத்தங்களையும் இனி ஒன்றெனக் கொள்க.’

கணக்குப் படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அவர்கள் எல்லாரும் அந்த வரியை எழுதுவார்கள், அலுப்பு வந்தால் எழுதுவார்கள், ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளவும் மாட்டார்கள். மளிகைக்கடைக்காரர் இப்படி எழுதுவாரா? மாட்டார். மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் அவர் எதையும் ஒன்று என்று சொல்ல மாட்டார்.

மறுநாள் காலையில் வாரியத் தலைமைப் பொறியாளர் இன்னாசிமுத்துவின் அறையில் போய் உட்கார்ந்தாள். அவர் ஒரு காலத்தில் அவளுடைய மாணவர்.

“மேடம், ஒவ்வொரு தாவலுக்கும் சோதனை இருக்கு,” என்றார் அவர். “சாருக்கு மூணு தாவல்லயும் பொருத்தம் சரின்னு வந்திருக்கு. பாருங்க, பச்சை, பச்சை, பச்சை.”

அங்கயற்கண்ணி கைப்பையிலிருந்து அல்லியின் தலை ரிப்பனை எடுத்தாள். ஒரு முனையைப் பாதிச் சுற்றுத் திருப்பி, மறுமுனையோடு சேர்த்து, அவர் மேசையிலிருந்த ஸ்டேப்ளரால் அடித்து வளையமாக்கினாள்.

“இதுல முறுக்கு எங்க இருக்குன்னு காட்டு முத்து.”

அவர் வளையத்தை விரலில் வைத்து நகர்த்திப் பார்த்தார். எந்த இடத்தை எடுத்தாலும் வெறும் ரிப்பன்தான்.

“எந்த அங்குலத்துலயும் இல்ல மேடம். சுத்தி வந்தாத்தான் இருக்கு.”

“அதேதான். இரட்டைப் பிள்ளைங்க முகம் ரெண்டும் ஒண்ணுபோல. எந்த முகத்தை எந்தப் பேரோட கோக்கறதுன்னு வார்க்கும்போது மெஷினுக்கு ரெண்டு வழி இருக்கு. ரெண்டுமே நாம அனுமதிச்ச பிழை அளவுக்குள்ள வருது, ரெண்டுக்குமே பச்சை விளக்குதான் எரியும். போன வழியே திரும்பினா அதே குறிப்பைத் தலைகீழா ஓட்டறோம், மாறினாலும் நேராயிடுது. சுத்தி வந்தா நேராக்க ஆள் இல்ல. ஆறு வருஷத்துக்கு முன்னால நான் தேடாம விட்டது இதைத்தான்.”

இன்னாசிமுத்து ரிப்பனைக் கீழே வைத்தார். “முக்கோணச் சீட்டுல இந்த வாரம் மட்டும் நாற்பதாயிரம் பேர் போயிருக்காங்க மேடம்.”

“சீட்டை நிறுத்து.”

“உங்க கையெழுத்தை வச்சுத்தான் விட்டோம். நிறுத்தணும்னா ஆதாரம் வேணும். சார் மாறி வந்திருக்கார்னு எழுத்துல ஏதாவது இருக்கா? போறதுக்கு முன்னால பிள்ளைங்க ரெண்டும் யார் யாருன்னு சொல்ற பழைய பத்திரம்?” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “சாரைப் பத்திக் கவலைப்படாதீங்க. நீங்க சொல்றதுதான் காரணம்னா, அதே சுத்து இன்னொரு தடவை போய்ட்டு வந்தா நேராயிடுவார். முறுக்கின ரிப்பன்லகூட ரெண்டு சுத்து போனா பழைய பக்கம் வந்துடுதில்ல? நாளைக்குக் காலைல நானே கூண்டுல ஏத்தி விடறேன்.”

அது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. வரும் வழியிலேயே மருதப்பனுக்குப் போன் போட்டு, “நாளைக்கு இன்னொரு சுத்து போய்ட்டு வந்திருங்க, எல்லாம் சரியாயிரும்,” என்றாள். அவர் சரி என்றுதான் சொன்னார். “போறேன் கண்ணி. ஆனா நான் வர்ற வரைக்கும் அவள ஓட விடாத.”

வீட்டில் இரும்புப் பெட்டியைத் திறந்து பத்திரம் தேடினாள். பிறப்புச் சான்றில் மச்சம் கிடையாது. பள்ளிக்கூடத்துச் சான்றில் அங்க அடையாளம் இருந்தது. ஆனால் அது பிள்ளைகளின் ஐந்து வயதில் அவளே எழுதிக் கொடுத்தது. அதற்கும் அடியில் ஒரு மஞ்சள் கோப்பு. குழந்தைகள் இதய மருத்துவமனை. ஆம்பலுக்கு எட்டு மாதத்தில் பார்த்தது. அந்தச் சமயம் மருதப்பன் கப்பலில் இல்லை, ஊரில் இருந்தார். படிவத்தை நிரப்பியதே அவர்தான். அவருடைய கோணல் எழுத்து.

‘பெயர்: ஆம்பல். நோய்: இதயச் சுவரில் துளை. அங்க அடையாளம்: இடது காதடியில் மச்சம்.’

அங்கயற்கண்ணி மறுபடி படித்தாள். இடது. கோப்பில் ஒட்டியிருந்த படத்தில் நெஞ்சு முழுக்க ஒயர் ஒட்டிய எட்டு மாதக் குழந்தை தலையைத் திருப்பி அழுதுகொண்டிருந்தது. இடது காதடியில் மிளகு அளவுக்கு மச்சம்.

மருதப்பன் மாறி வரவில்லை. இத்தனை வருஷமாக மாறியிருந்தவர் நேற்றுத்தான் நேராகி வந்திருக்கிறார். அப்படியென்றால் முதலில் மாற்றியது யார்?

ஐயோ, அதற்கு மேல் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் திறப்பு விழா அன்று நெல்லை, சென்னை, கோவை, நெல்லை என்று முதல் சுற்றுச் சுற்றியவள் அவள்தான். தேற்றம் எழுதியவளே முதலில் போனால் ஜனங்களுக்குப் பயம் போகும் என்றார்கள். மாலை போட்டு ஏற்றிவிட்டார்கள். பெருமையோடு போனாள்.

ஊருக்கு ஊர் பாராட்டுக் கூட்டம் முடிந்து நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து, மூன்றரை வயதுப் பிள்ளைகளைக் காப்பகத்திலிருந்து கூட்டிவரப் போனபோது, சொர்ணம் என்கிற ஆயா வலது மச்சக்காரிக்கு ‘அல்லி’ என்று பேர் சொல்லிச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அங்கயற்கண்ணிக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு நாளில் பிள்ளையை மாற்றிவிட்டாயே என்றாள். “இல்லம்மா, நல்லாப் பாருங்க, இதுதான் அல்லி,” என்று சொர்ணம் அழமாட்டாக் குறையாகச் சொன்னாள். “பெத்தவளுக்குத் தெரியாதா?” என்று ஒரே வார்த்தைதான். சொர்ணத்துக்கு வேலை போயிற்று. ஒரு வருஷம் கழித்துக் கப்பலை விட்டு வந்த மருதப்பனும் முதல் நாள் குழம்பினார். அவருக்கும் அதே வார்த்தைதான். அவர் அவள் சொன்னபடி பழகிக்கொண்டார்.

நாலு வயதில் ஆம்பலின் இதயத்தை மறுபடி சோதித்தபோது துளை சுத்தமாக அடைந்துவிட்டது என்றார் டாக்டர். நெல்லையப்பர் கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தாள். ஓட்டையே இல்லாத பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு உடைத்த தேங்காய்.

முற்றத்தில் இடது மச்சக்காரி சுவரோரம் உட்கார்ந்து, தங்கை ஸ்கிப்பிங் ஆடுவதை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணும்போதே மூச்சு வாங்கியது. அங்கயற்கண்ணி கிட்டப் போய் அவள் நகங்களைப் பார்த்தாள். லேசாக நீலம் ஓடியிருந்தது. எத்தனை தடவை அந்த விரல்களைப் பிடித்து ‘எழுதுடி’ என்று அதட்டியிருக்கிறாள்!

அவசரமாக ஆட்டோ பிடித்து, மருதப்பனையும் வரச் சொல்லி, நாலு பேரும் மருத்துவமனைக்குப் போனார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே நிகர்வழியில் யாரையும் ஏற்ற மாட்டார்கள். பிள்ளைகள் ரெண்டும் பிறந்த உடம்போடேயே இருந்தன. பேரை மாற்றிவிடலாம், நெஞ்சிலிருக்கிற ஓட்டையை மாற்ற முடியாது. எக்கோ திரையில் அது சின்ன வாய் திறந்து மூடுவது அவளுக்கே தெரிந்தது.

“ஒன்பது வயசு வரைக்கும் எப்படி விட்டீங்க?” என்றார் டாக்டரம்மா. “நுரையீரல் வரைக்கும் அழுத்தம் ஏறியிருக்கு. இந்த வாரம் ஆபரேஷன் பண்ணினா காப்பாத்திடலாம். இன்னும் ரெண்டு மூணு மாசம் போயிருந்தா, பண்ணவே முடியாதுன்னு சொல்லியிருப்பேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

அங்கயற்கண்ணி மருதப்பனைப் பார்த்தாள். நாளைக் காலையில் அவரை இன்னொரு சுற்று அனுப்பி ‘சரி’ பண்ணியிருப்பாள். அவரும் போய்விட்டு வந்து, தும்மிவிட்டு, அல்லி ஏன் இப்படிச் சோம்பேறியாக இருக்கிறாள் என்று கேட்டிருப்பார். “என்ன மன்னிச்சிருங்க,” என்று மட்டும் அவரிடம் சொன்னாள். அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அட்மிஷன் மேசையில் வேறு வில்லங்கம். எழுத்தர் கணினியைத் திருப்பிக் காட்டினார்.

“பிள்ளை பேர் அல்லின்னு போட்டா, ‘நோய் ஏதுமில்லை’ங்குது. ஆம்பல்னு போட்டா, ‘துளை அடைந்தது, கோப்பு முடிந்தது’ங்குது. ரெண்டு பேர்லயும் ஆபரேஷன் தேதி குடுக்க மாட்டேங்குது மேடம்.”

“இப்ப என்ன பண்ணணும்?”

“ஒருவரே சான்று குடுங்க. ரெண்டு கோப்பையும் சேத்துடுவேன், ஓடிடும்.” இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். “கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேணும். நீங்கதான் அரசுக் கல்லூரிப் பேராசிரியையாச்சே, நீங்களே போட்டுடுங்க.”

அச்சடித்த வரி ஒன்றே ஒன்றுதான். கோடிட்ட இடத்தில் எழுத்தர் ஏற்கெனவே பேர்களை நிரப்பியிருந்தார். ‘மேற்படி அல்லி என்பவரும் ஆம்பல் என்பவரும் ஒருவரே எனக் கொள்க.’

அங்கயற்கண்ணி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை.

“இவங்க ஒருத்தர் இல்லீங்க. ரெண்டு பிள்ளைங்க. எப்படி மாறிச்சுன்னு நான் எழுதித் தரேன். எத்தனை பக்கம் ஆனாலும் எழுதறேன்.”

“அதுக்கெல்லாம் கணினியில இடம் கிடையாது மேடம். ஒண்ணா, இல்லையா, அவ்வளவுதான் கேக்கும்.” அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணிக்குள்ள ஏத்தலேன்னா தேதி அடுத்த மாசம் போயிடும்.”

மணி மூன்று ஐம்பது. வலது மச்சக்காரி தாளை எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“அல்லியும் ஆம்பலும் இவதான்னா, அப்ப நான் யாரும்மா?”

“அதுக்குத் தனியா ஒரு மனு போட்டுக்கலாம் பாப்பா,” என்றார் எழுத்தர். நல்ல மனுஷர்தான், ஆறுதலாகத்தான் சொன்னார்.

அங்கயற்கண்ணி தாளை மேசையில் வைத்தாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த இடது மச்சக்காரியின் முன்னால் மண்டியிட்டாள். பெற்ற பிள்ளையை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாய் திறந்து திறந்து மூடியது.

“கண்ணு, உன் பேர் ஆம்பல்தான். அம்மா தப்பு பண்ணிட்டேன். இனிமே உன்ன என்ன பேர் சொல்லிக் கூப்பிடட்டும்? நீயே சொல்லு.”

பிள்ளை மூச்சை இழுத்து நிதானித்துக்கொண்டது.

“எனக்கு ஞாபகம் இருக்கும்மா. நீ கழுத்துல மாலையோட காப்பகத்துக்கு வந்தியே, அன்னிக்கு வீட்டுல வச்சு நான் ஆம்பல், நான் ஆம்பல்னு சொல்லிட்டே இருந்தேன். நீ அடிச்சுட்டே இருந்த. அல்லின்னு சொன்னதும் நிறுத்திட்ட.” அம்மா கன்னத்திலிருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டது. “எந்தப் பேரா இருந்தா அடிக்க மாட்டியோ, அதையே வச்சுக்கலாம்மா.”

மணி மூன்று ஐம்பத்தெட்டு. எழுத்தர் பேனாவை நீட்டினார். அங்கயற்கண்ணி எழுந்து, அந்த ஒற்றை வரிக்குக் கீழே ரெண்டாம் தடவையாகக் கையெழுத்துப் போட்டாள்.